சுச்சூர் உடாங்: மொறுமொறு மலாய் இறால் பலகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாயங்காலத் தேநீருக்கு எத்தனையோ பொரித்த பலகாரங்கள் உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது சுச்சூர் உடாங். மாவில் இறாலும் கீரைத்தாளும் பயறு முளையும் கலந்து பொரிப்பது. செய்முறை சின்னது, வீட்டில் யாரும் செய்யலாம். ஆனாலும் 'கடையில் மொறுமொறுவென்று இருக்கிறது, வீட்டில் செய்தால் கால் மணி நேரத்தில் தொய்ந்துவிடுகிறது' என்ற குறை எல்லோரிடமும் இருக்கிறது. இறாலில் இருக்கும் தண்ணீர், முளையில் இருக்கும் தண்ணீர், மாவில் ஊற்றும் தண்ணீர், பொரித்த பிறகு வெளியேறும் ஆவி இவற்றைக் கவனித்தாலே முக்கால்வாசி குறை தீர்ந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

இது வடையா, பஜ்ஜியா, பக்கோடாவா?

மூன்றும் இல்லை, பக்கோடாவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும். வடைக்குப் பருப்பை ஊறவைத்து அரைக்கிறோம். பஜ்ஜிக்குக் கடலை மாவில் காயைத் தோய்க்கிறோம். சுச்சூர் உடாங்குக்கு அடிப்படை கோதுமை மாவு, அதாவது நம் ஊரில் மைதா. அதைக் கெட்டியாகக் கரைத்து, இறாலையும் காய்களையும் உள்ளேயே கலந்து, கரண்டி கரண்டியாக எண்ணெயில் விடுவார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று, கடிக்கும்போது இறாலின் இனிப்பு. நல்ல சுச்சூருக்கு இந்த மூன்றும் வேண்டும். உள்ளே வரைக்கும் முறுகிப் போனால் அது வேறு பண்டம்.

கொழும்பு காலிமுகத் திடலில் விற்கும் இறால் வடையோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது பருப்பு வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரிப்பது. ருசியானதுதான், ஆனால் குடும்பம் வேறு. இந்தோனேசியாவின் பக்வான் உடாங், பிலிப்பைன்ஸின் ஒகோய் இரண்டும் இதற்கு நெருங்கிய உறவு.

என்னென்ன வேண்டும், எவ்வளவு?

நாலு பேருக்கு, சுமார் இருபது உருண்டைக்கு: மைதா 150 கிராம், அரிசி மாவு 50 கிராம், கார்ன்ஃப்ளவர் ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. ஐஸ் தண்ணீர் 200 மில்லி, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம்.

உள்ளே போடுவதற்கு, உரித்த இறால் 200 கிராம், தௌகே என்று மலேசியாவில் சொல்லும் நீளமான பாசிப்பயறு முளை ஒரு பெரிய கைப்பிடி, பூண்டு வாசனை அடிக்கும் குச்சாய்க் கீரை ஒரு சின்னக் கட்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பழுத்த சிவப்பு மிளகாய் ஒன்று. இறாலே கொஞ்சம் உப்பாக இருக்கும் என்பதால், மாவில் உப்பைக் குறைத்துப் போட்டு, முதல் உருண்டையைப் பொரித்து ருசி பார்த்துவிட்டு மேற்கொண்டு சேர்ப்பது நல்லது.

எந்த இறால் வாங்க வேண்டும்? பெரியதா, சிறியதா?

சிறியது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பெரிய இறாலை விலை கொடுத்து வாங்கி இதில் போடுவது வீண். மாவு வேகும் நேரத்துக்குள் பெரிய இறால் ரப்பர் போல ஆகிவிடும், இல்லையென்றால் நடுவில் வேகாமல் நிற்கும். விரல் நீளத்துக்கும் குறைந்த சின்ன இறால்தான் மாவோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வேகும்.

ஓடு மெல்லியதாக இருக்கும் சின்ன இறால் கிடைத்தால் உரிக்கக்கூட வேண்டாம். தலை முனையில் இருக்கும் கொம்பு, மீசை, கால்கள் இவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு ஓட்டோடு போடலாம். ஓடு எண்ணெயில் முறுகி, தனி மணம் தரும். பினாங்கில் சில கடைகளில் இப்படித்தான் போடுகிறார்கள். பண்ணை வன்னாமி இறால் நடுத்தர அளவில்தான் கிடைக்கிறது என்றால், உரித்து, முதுகில் இருக்கும் குடல் நரம்பை எடுத்துவிட்டு, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்கை மட்டும் அப்படியே முழுசாக வைத்திருந்து மேலே பதிக்கலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

உறைந்த இறாலும் சரிதான். முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் வைத்துவிடுங்கள். அதன்மேல் இருக்கும் பனிப்பூச்சு உருகி வடிவதைப் பார்த்தால், அவ்வளவு தண்ணீரும் மாவுக்குள் போயிருக்குமே என்று தெரியும். புதியதோ உறைந்ததோ, கடைசியில் துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டுத்தான் மாவில் போட வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்க்காதீர்கள்.

இறாலே கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் சென்னாக்குனி என்ற காய்ந்த பொடி இறாலைக் கழுவி, பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து போடலாம். மலாய் வீடுகளில் நெத்திலிக் கருவாட்டைப் போட்டும் சுச்சூர் செய்வதுண்டு. இரண்டிலும் உப்பு கூடுதல், மாவில் உப்பைப் பாதியாக்குங்கள்.

மைதா மட்டும் போதாதா? அரிசி மாவு எதற்கு?

மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீர் பட்டதும் இழுவையாகி வலைப்பின்னலாகும். அதைத்தான் குளூட்டன் என்கிறோம். பரோட்டாவுக்கு அது வேண்டும். இங்கே அது அதிகமானால் மேல்தோல் தடித்து, ஆறியதும் சவ்வாகிவிடும். அரிசி மாவில் குளூட்டன் இல்லை. அது சேரும்போது வலை தளர்ந்து, மேல்பக்கம் மெலிதாக, உடையும்படி ஆகிறது. கார்ன்ஃப்ளவரும் அதே வேலையைச் செய்கிறது.

அதற்காக அரிசி மாவைப் பாதிக்குப் பாதி போட்டுவிடாதீர்கள். ஆறியதும் கல்லாகிவிடும், உள்ளே இருக்க வேண்டிய மெத்தென்ற பதமும் போய்விடும். மூன்றுக்கு ஒன்று என்பது எனக்குப் பிடித்த அளவு. கடலை மாவைக் கொஞ்சம் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடலை மாவின் வாசனை முன்னால் வந்து நிற்கும், இறால் பின்னால் போய்விடும்.

முட்டை சேர்க்க வேண்டுமா?

சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. முட்டை சேர்த்தால் நிறமும் ருசியும் கூடும், மொறுமொறுப்பு சீக்கிரம் இறங்கும். உடனே சாப்பிடுவதென்றால் ஒன்று சேர்த்து, தண்ணீரை 50 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். நான் சேர்ப்பதில்லை.

சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் மொறுமொறுப்பு வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மலாய்ச் சமையலில் பழைய பழக்கம் அது. வாழைப்பழம் பொரிக்கும் மாவிலும் போடுவார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் ஒரு தேக்கரண்டி எடுத்து மாவில் விடுவார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும்தான், வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு எக்காரணம் கொண்டும் கூடாது.

இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பேக்கிங் பவுடரும் சுண்ணாம்பு நீரும் சேர்ந்து போட வேண்டாம். பேக்கிங் பவுடரில் இருக்கும் புளிப்பையும் அதிலிருந்து வரும் வாயுவையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், மாவு உப்பாது. இரண்டு, ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்குமே, அதேதான் இங்கேயும் நடக்கும். மஞ்சள்தூள் போட்ட மாவு சுண்ணாம்பு பட்டதும் செம்மண் நிறமாக மாறும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். பழைய மஞ்சள் நிறமே வேண்டுமென்றால் பேக்கிங் பவுடரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்?

பஜ்ஜி மாவைவிடக் கெட்டி, போண்டா மாவைவிடத் தளர்வு. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகாமல், கனமாக, பட்டையாக விழ வேண்டும். மாவுப் பொருள்களை எல்லாம் முதலில் காய்ந்தபடியே கலந்துவிட்டு, ஐஸ் தண்ணீரை ஊற்றி, கட்டி பெரிதாக இல்லாத அளவுக்கு மட்டும் கலக்குங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் பாதகமில்லை. அடித்து அடித்து மழமழப்பாக்கினால் குளூட்டன் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஐஸாக இருப்பதும் அந்த இழுவையைத் தாமதப்படுத்தத்தான்.

பிறகு மாவைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்குள் எண்ணெய் காய்ந்துவிடும். இறால், முளை, குச்சாய், வெங்காயம் இவற்றைக் கடைசி நிமிடத்தில்தான் கலக்க வேண்டும். உப்பு பட்டவுடன் வெங்காயமும் முளையும் நீர் விட ஆரம்பிக்கும். கலந்து வைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கெட்டியாக இருந்த மாவு கஞ்சியாகியிருக்கும். அப்போது மாவைத் தூவிச் சரிசெய்யப் பார்ப்பார்கள், உப்பும் ருசியும் இறங்கிப் போகும். நிறைய பேருக்குச் செய்வதாக இருந்தால் மாவை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பொரிக்கும் நேரத்தில் கலந்துகொள்ளுங்கள்.

எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? வெப்பமானி இல்லையே.

170 முதல் 175 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடிக்குப் போய்த் தங்கினால் சூடு போதாது. விழுந்த உடனே மேலே வந்து பழுப்பாக ஓடினால் சூடு அதிகம். பாதி ஆழம் போய், சலசலவென்று நுரைத்தபடி மேலே வந்தால் சரி.

எண்ணெய் இரண்டு அங்குல ஆழமாவது இருக்கட்டும். மலேசியாவில் பாமாயில், நம் வீட்டில் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ எதுவானாலும் பரவாயில்லை. ஒரே நேரத்தில் வாணலி நிறையப் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த மாவு ஒவ்வொரு கரண்டி விழும்போதும் எண்ணெயின் சூடு இறங்கும். இறங்கிய எண்ணெயில் மேல்தோல் சீக்கிரம் இறுகாது, மாவு எண்ணெயைக் குடிக்கும். நடுத்தர வாணலியில் ஐந்தாறு போதும். ஒரு ஈடு எடுத்ததும், எண்ணெயில் மிதக்கும் மாவுத் துணுக்குகளை வடிகட்டியால் அள்ளிவிட்டு, எண்ணெய் மறுபடி சூடேறக் காத்திருந்து அடுத்த ஈடு போடுங்கள்.

வெளியே கருகுகிறது, உள்ளே மாவாக இருக்கிறது. ஏன்?

உருண்டை பெரிதாக இருக்கிறது, அல்லது எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி மாவுக்கு மேல் போடாதீர்கள், போட்டவுடன் கரண்டி முதுகால் லேசாகத் தட்டையாக்குங்கள். நாலு அல்லது ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும்.

கடைகளில் தட்டையாக, மேலே முழு இறாலோடு வட்டமாக இருக்கிறதே, அது எப்படி?

கரண்டியில் வைத்துப் பொரிப்பது. குழி அதிகமில்லாத எவர்சில்வர் கரண்டியை எண்ணெய்க்குள் ஒரு நிமிடம் விட்டு நன்றாகச் சூடாக்குங்கள். வெளியே எடுத்து எண்ணெயை வடித்துவிட்டு, இரண்டு சின்னக் கரண்டி மாவை அதில் பரப்பி, மேலே முழு இறால் ஒன்றோ இரண்டோ அழுத்தி வைத்து, அப்படியே எண்ணெய்க்குள் மெதுவாக இறக்குங்கள். அரை நிமிடத்தில் ஓரம் இறுகித் தானே விட்டுப் பிரியும். பிரியாவிட்டால் கத்தி முனையால் ஓரத்தைச் சுற்றி நெம்புங்கள். பிரிந்தபின் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள்.

கரண்டி சூடாக இல்லாவிட்டால் மாவு ஒட்டிக்கொண்டு படுத்தும். அதனால் ஒவ்வொரு முறையும் மறுபடி சூடாக்கிக்கொள்ள வேண்டும். கைப்பிடி நீளமான கரண்டி, ஒரு கைத்துணி இரண்டும் அவசியம்.

பொரித்த உடனே மொறுமொறுப்பு, பத்து நிமிடத்தில் தொய்வு. என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பொரித்து எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் காயும் இறாலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி போக வழியில்லாவிட்டால் மேல்தோலிலேயே இறங்கி அதை ஈரமாக்கிவிடும். நாம் வழக்கமாகச் செய்வது என்ன? தாள் விரித்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கிறோம், சூடு ஆறக் கூடாதென்று மூடியும் வைக்கிறோம். அதைவிட வேகமாக மொறுமொறுப்பைப் போக்க வேறு வழி இல்லை.

கம்பி வலை மேல், ஒன்றோடொன்று படாமல், நிமிர்த்தி வையுங்கள். கம்பி வலை இல்லாவிட்டால் இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாலும் காற்று போகும்.

அடுத்த வழி இரட்டைப் பொரிப்பு. முதல் முறை வெளிர் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். எல்லாம் பொரித்து முடித்து, பத்து நிமிடம் ஆறிய பிறகு, எண்ணெயை 180 டிகிரிக்கு ஏற்றி, முக்கால் நிமிடம் மறுபடி பொரியுங்கள். ஆறும்போது உள்ளிருந்து தோலுக்கு வந்து சேர்ந்த ஈரம் இந்த இரண்டாம் பொரிப்பில் வெளியேறிவிடும். விருந்தாளிகள் வரும் நாளில் இது பெரிய உதவி. முதல் பொரிப்பை முன்கூட்டியே முடித்து வைக்கலாம், அவர்கள் வந்து உட்கார்ந்ததும் இரண்டாவதை முடித்துச் சூடாகப் பரிமாறலாம்.

ஈஸ்ட் போட்ட சுச்சூர் என்கிறார்களே?

பேக்கிங் பவுடருக்குப் பதில் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு சிட்டிகை சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர். முக்கால் மணி நேரம் மாவை உப்பவிட்டுப் பிறகு இறாலைக் கலக்க வேண்டும். உள்ளே பன் போல மெத்தென்று வரும். பொரித்த பலகாரங்களை வெட்டிக் குழம்பு ஊற்றித் தரும் ரொஜாக்கில் போட இந்த வகை பொருத்தம், குழம்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். தனியாகக் கடித்துச் சாப்பிட முதல் வகைதான்.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா?

பச்சை மாவை வைத்துச் செய்ய முடியாது. கரைத்த மாவு இறுகுவதற்குச் சுற்றிலும் சூடான எண்ணெய் வேண்டும். ஏர் ஃப்ரையரில் அது ஒழுகி, கூடையில் ஒட்டி, வெளுத்துப்போன ரொட்டித் துண்டாக வரும். எண்ணெயைக் குறைக்க வேண்டுமென்றால் தட்டையான அடி உள்ள வாணலியில் அரை அங்குல எண்ணெய் விட்டு, மெலிதான அடையாகச் சுட்டெடுங்கள். ஏர் ஃப்ரையர் மீந்ததைச் சூடாக்க மிக நல்லது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

குச்சாயும் தௌகேயும் எங்கள் ஊரில் இல்லை.

குச்சாய் என்பது பூண்டு வாசனை அடிக்கும் தட்டையான தாள். அதற்குப் பதில் வெங்காயத்தாளோடு ஒரு பல் பூண்டைத் துருவிச் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த வாசனை வந்துவிடும். தௌகேக்குப் பதில் முட்டைகோஸைப் பொடியாக நறுக்கிப் போடலாம். நாம் சுண்டலுக்கு முளைகட்டும் குட்டைப் பயறு வேண்டாம், பருப்பு கடினமாக நிற்கும்.

தொட்டுக்கொள்ள என்ன?

நிலக்கடலைக் குழம்பு, மலாயில் குவா காச்சாங். தக்காளி சாஸோடு சாப்பிடுபவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் இந்தக் குழம்போடு ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

வறுத்துத் தோல் நீக்கிய கடலை 150 கிராமைக் கொரகொரப்பாகப் பொடித்து வையுங்கள். ஊறவைத்த காய்ந்த மிளகாய் எட்டு, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு மூன்று பல், எலுமிச்சைப்புல் ஒரு தண்டு, அரத்தை ஒரு சிறு துண்டு இவற்றை விழுதாக அரைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு வதக்குங்கள். பச்சை வாசனை போய், எண்ணெய் தனியாகப் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும். மலாய்ச் சமையலில் விழுது வதக்கும்போது இதைத்தான் அளவாகப் பார்ப்பார்கள், நம் குழம்புக்கும் அதே கணக்குத்தான். அவசரப்பட்டு அதற்கு முன்பே தண்ணீர் விட்டால் மிளகாய் நெடி கடைசி வரை போகாது. பிரிந்ததும் புளிக்கரைசல் அரைக் கோப்பை, தண்ணீர் ஒரு கோப்பை, பனைவெல்லம் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, கடலைப்பொடி எல்லாம் சேர்த்து அடிபிடிக்காமல் கிளறி, மேலே எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். அங்கே குலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தைப் போடுவார்கள். நம்மிடம் இருக்கும் கருப்பட்டி அதற்கு மிக நல்ல மாற்று.

நேரமில்லையா? சிவப்பு மிளகாய், பூண்டு, சர்க்கரை, வினிகர், உப்பு இவற்றை அரைத்து ஒரு கொதி விட்டு, மேலே கடலைப்பொடி தூவினாலும் போதும்.

ரொஜாக்கில் போடுவது இதே பலகாரம்தானா?

ஆமாம், தமிழர்களுக்கும் இந்தப் பலகாரத்துக்கும் உள்ள உண்மையான தொடர்பு அங்கேதான் இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழ் முஸ்லிம்கள் நடத்திய கடைகளோடு சேர்த்து அறியப்படும் உணவு அது. கோலாலம்பூர்ப் பக்கம் ரொஜாக் மாமாக், பினாங்கில் பசெம்பூர், சிங்கப்பூரில் இந்தியன் ரொஜாக். பொரித்த இறால் பலகாரம், தோஃபு, வேகவைத்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை எல்லாவற்றையும் வெட்டி, வெள்ளரித் துருவலோடு சேர்த்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மிளகாயும் கடலையும் சேர்ந்த இனிப்புக் காரக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். மலாய்ப் பலகாரமும் தமிழ்க் கைப்பக்குவமும் ஒரே தட்டில் இருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு?

இறால், நிலக்கடலை, கோதுமை மூன்றும் ஒவ்வாமை தரக்கூடியவை, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. வெளியார் வந்தால் பரிமாறும் முன் கேட்டுவிடுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காய் மட்டும் போட்டுத் தனியாகச் செய்வதென்றால், இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கக் கூடாது. வேறு எண்ணெய், வேறு கரண்டி.

அந்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தலாமா?

ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் மீன் வறுக்கவோ மறுபடி சுச்சூருக்கோ ஒருமுறை பயன்படுத்தலாம். அப்பளம் பொரித்தால் இறால் வாசனைதான் வரும்.

மீந்துபோனால்?

ஆறியபின் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். இறால் கலந்த பச்சை மாவை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள், நீர்த்துப்போவதோடு இறாலும் கெடும். எல்லாவற்றையும் பொரித்தே வைத்துவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். 180 டிகிரி ஏர் ஃப்ரையரிலோ ஓவனிலோ ஐந்தாறு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும்.

இல்லையென்றால் குளிர்ந்ததையே விரல் அகலத்துக்கு வெட்டி, வெள்ளரியும் அவித்த முட்டையும் சேர்த்து, மிஞ்சிய கடலைக் குழம்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூடாக்கி மேலே ஊற்றிச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை உணவுக்கு அது தாராளமாகப் போதும்.